இஞ்சி பீரும் நம் கடை இஞ்சி சோடாவும்



தலைப்பைப் பார்த்ததும், "அறுபதைத் தாண்டிய மனிதருக்கு இது என்ன புதுப் பழக்கம்?" என்று சிலர் புருவத்தை உயர்த்துவீர்கள். நமக்கு அந்தப் பழக்கம் கிடையாது. நாற்பது வருடங்களுக்கு மேலாகச் செங்கல்பட்டில் மளிகை மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். இத்தனை காலத்தில் நாம் குடித்த பீர் மொத்தம் இரண்டு வாய். அந்த இரண்டு வாயும் ஒரே நாளில், ஒரே தம்ளரில். அதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அதிலிருந்து ஆரம்பித்த யோசனை நம் கடை பிரிட்ஜ் வரைக்கும், ஜி.எஸ்.டி. வரைக்கும் வந்து நிற்கிறது.

பெங்களூரில் ஒரு உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். மறுநாள் தங்கை மகன் சாப்பிட அழைத்துப் போன இடம் ஒரு பெரிய கூடம். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதற்குள் ஆள் உயர எவர்சில்வர் அண்டாக்கள். அங்கேயே பீர் காய்ச்சி அங்கேயே விற்கிறார்கள். அந்த ஊரில் அதற்கு லைசென்ஸ் உண்டாம். "மாமா, ஒரு வாய் ருசி பாருங்க. நீங்க மண்டியில வெச்சிருக்கிற சரக்குதான் எல்லாம் இதுல இருக்கு" என்றான். வியாபாரிக்கு இதைவிடப் பெரிய தூண்டில் வேறு இல்லை.

வந்தது இஞ்சி போட்ட கோதுமை பீர். பார்வைக்கு அரிசி கழுவிய தண்ணீரில் கொஞ்சம் மஞ்சள் கலந்த மாதிரிக் கலங்கலாக இருந்தது. மேலே நல்ல நுரை. மூக்கருகில் கொண்டுபோனால் பழுத்த வாழைப்பழ வாசம், அதற்குப் பின்னால் லேசாகக் கிராம்பு வாசம். கிராம்பு போட்டீர்களா என்று காய்ச்சுபவரைக் கேட்டோம். இல்லையாம். கோதுமை பீருக்கென்று இருக்கும் ஈஸ்ட், புளிக்கும்போதே அந்த இரண்டு வாசத்தையும் உண்டாக்கிவிடுமாம். வாயில் விட்டதும் முதலில் கோதுமைக் கஞ்சியின் மென்மை, பிறகு மெல்லிய புளிப்பு. இஞ்சி எங்கே என்று தேடினோம். விழுங்கிய பிறகுதான் தொண்டையில் வந்து உட்கார்ந்தது. நம் வீட்டு இஞ்சிச் சாறு போல நாக்கைத் தாக்கவில்லை. கடைசியில்தான் காரம். இரண்டாவது வாய் அதை உறுதிப்படுத்திக்கொள்ளக் குடித்தது. அதற்கு மேல் வேண்டாமென்று தம்ளரைத் தள்ளி வைத்துவிட்டோம்.

மளிகைக்காரன் புத்தி மளிகைக்காரன் புத்திதான். அவரிடம் சரக்கு விவரம் கேட்டோம். தானியத்தில் பாதிக்குப் பாதி முளைகட்டி உலர்த்திய கோதுமை, மீதி அதேபோல முளைகட்டிய வாற்கோதுமை. கசப்புக்குக் கொஞ்சம் ஹாப்ஸ் என்னும் பூ. கொதி இறங்கும் நேரத்தில் தட்டிப்போட்ட பச்சை இஞ்சி. பெல்ஜியம் நாட்டில் செய்கிற கோதுமை பீரில் தனியாவும் ஆரஞ்சுத் தோலும்கூடப் போடுவார்களாம். கேட்கும்போதே கையில் பில் புத்தகம் இருப்பது போல மனது கூட்டல் போட்டது. கோதுமை நம்மிடம் இருக்கிறது, தனியா இருக்கிறது, இஞ்சி இருக்கிறது, இஞ்சி விலை ஏறினால் சுக்கு இருக்கிறது. எல்லாம் நம்மிடம் இருந்தும், அதில் செய்த பண்டத்தை விற்க நமக்கு உரிமை இல்லை. தமிழ்நாட்டில் 2003 நவம்பர் முதல் மது சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில். அதைக் குறையாகச் சொல்லவில்லை. நமக்கு அந்த வியாபாரமே வேண்டாம். ஒரு வேடிக்கைக்காகச் சொல்கிறோம்: ஜெர்மனியின் பவேரியாவில் 1516-ல் ஒரு சட்டம் போட்டார்களாம், பீருக்கு வாற்கோதுமை, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறு எதுவும் சேர்க்கக்கூடாது என்று. கோதுமை ரொட்டிக்கு வேண்டும் என்பது ஒரு காரணம். பிறகு 1602-லிருந்து கோதுமை பீர் காய்ச்சும் உரிமையை ஆளும் குடும்பமே தனக்கென்று வைத்துக்கொண்டு நன்றாகச் சம்பாதித்தது. அரசாங்கமே சரக்கு விற்பது நம் ஊரில் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல.

ஊர் திரும்பும் வழியெல்லாம் அந்தத் தொண்டைக் காரம் நினைவில் இருந்தது. எங்கேயோ குடித்திருக்கிறோமே என்று யோசித்தோம். வாலாஜாபாத் தாண்டும்போது பிடிபட்டது. சின்ன வயதில், அப்பா கடையில் இருந்த காலத்தில், செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு எதிரே குடித்த இஞ்சி சோடா! நுரை, இனிப்பு, கடைசியில் தொண்டையில் சுரீர். போதை ஒன்றுதான் குறை. அதுவும் குறையல்ல.

இனி மாமல்லபுரத்துக்கு வருவோம். ஒத்தவாடைத் தெருப் பக்கம் நம்மிடம் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். 2022 ஜூலை, ஆகஸ்டில் பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது அந்தத் தெருவில் வெள்ளைக்காரர்கள், ஆப்பிரிக்கர்கள், தென்னமெரிக்கர்கள் என்று எல்லா நாட்டு மனிதர்களும் நடந்தார்கள். அப்போது ஒரு வெள்ளைக்கார அம்மாள் அவர் கடைக்கு வந்து "ஜிஞ்சர் பீர் இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறார். நம் ஆள் பதறிப்போய், "நோ நோ, டாஸ்மாக்" என்று கையைக் காட்டி அனுப்பிவிட்டார். கொஞ்ச நேரத்தில் இன்னொருவர் வந்து அதையே கேட்டார். அவருக்கும் அதே பதில். மாலையில் நமக்குப் போன் போட்டு, "அண்ணாச்சி, இந்தப் பொம்பளைங்ககூட பட்டப்பகல்ல மளிகைக் கடையில வந்து பீர் கேக்குறாங்க" என்று வருத்தப்பட்டார்.

விஷயம் என்னவென்றால், ஜிஞ்சர் பீர் என்பது பெயரில்தான் பீர். இங்கிலாந்தில் பதினெட்டாம் நூற்றாண்டில் இஞ்சி, சர்க்கரை, தண்ணீரைப் புளிக்கவைத்துச் செய்தார்கள். அன்றைக்கு அதில் போதை உண்டு. இன்று கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் போதையில்லாத குளிர்பானம், குழந்தைகளும் குடிப்பது. இலங்கையில் எலிஃபன்ட் ஹவுஸ் ஜிஞ்சர் பீர் தெரியாத மளிகைக் கடை கிடையாது. யானைப் படம் போட்ட அந்தப் பாட்டில், ஈழத் தமிழர்கள் குடியேறிய வெளிநாட்டு ஊர்களின் கடைகள் வரைக்கும் போயிருக்கிறது. ஆக, அந்த அம்மாள் கேட்டது நம் இஞ்சி சோடாவுக்கு ஒன்றுவிட்ட தங்கையைத்தான். நம் கடைக்காரர் வந்த லட்சுமியை எதிரே இருந்த சாராயக் கடைக்கு அனுப்பிவிட்டார். நாம் விவரம் சொன்ன பிறகு, மறுநாள் திருக்கழுக்குன்றம் பக்கத்திலிருந்து ஒரு பெட்டி இஞ்சி சோடா வரவழைத்தார். போட்டி முடிகிற வரைக்கும் தினம் ஒரு பெட்டி ஓடியது என்றார். வந்தவர்கள் கோலியைத் தட்டி உள்ளே தள்ளும் சத்தத்தைக் கேட்கவே இரண்டாவது பாட்டில் வாங்கினார்களாம்.

அந்தக் கோலிப் பாட்டிலுக்கும் ஒரு கதை உண்டு. ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-ல் உரிமம் வாங்கியது அது. வாயு அழுத்தமே கோலியை மேலே தள்ளி ரப்பர் வளையத்தில் அடைத்துக்கொள்ளும். மூடியே வேண்டாம். அவர் நாட்டில் அந்தப் பாட்டில் இப்போது பழம்பொருள் கடைக்குப் போய்விட்டது. நம் நாட்டில் இன்னும் ஓடுகிறது. 2025 மார்ச்சில் மத்திய வர்த்தக அமைச்சகம் இதைப் பெருமையோடு சொன்னது: நம் கோலி சோடா "கோலி பாப் சோடா" என்ற பெயரில் அமெரிக்கா, இங்கிலாந்து, ஐரோப்பா, வளைகுடா நாடுகளுக்கு ஏற்றுமதியாகிறதாம். லண்டனில் நடந்த உணவுக் கண்காட்சியிலும் வைத்தார்களாம். வெள்ளைக்காரன் விட்ட பாட்டிலை வெள்ளைக்காரனுக்கே விற்கிறோம். நல்லதுதான்.

ஆனால் அதே வருடம் செப்டம்பரில் நடந்ததைக் கேளுங்கள். அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்.

2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. சர்க்கரையோ மணமோ சேர்க்காத வெறும் சோடாவுக்கு 18 சதவீதமாக இருந்த வரி 5 சதவீதமாக இறங்கியது. பாராட்டுகிறோம். சர்க்கரை அல்லது மணம் சேர்த்த சோடாவுக்கு 40 சதவீதம். முன்பு 28 சதவீத வரி, 12 சதவீத செஸ் என்று இரண்டாக இருந்தது. இப்போது ஒரே வரியாக 40. வாங்குகிறவருக்கு வித்தியாசம் இல்லை, பெயர்தான் மாறியது. வாயு இல்லாத பழச்சாறு பானங்களை 12-லிருந்து 5-க்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

இதை ஒரு சோடா கம்பெனி வாசலில் நின்று பாருங்கள். ஒரே மெஷின், ஒரே பாட்டில், ஒரே ஆள். கணக்குக்காக அடக்க விலை 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வெறும் சோடாவாக அடைத்தால் வரி 50 காசு. அதே பாட்டிலில் ஒரு கரண்டி இஞ்சிப் பாகு ஊற்றினால் வரி 4 ரூபாய். இஞ்சிக்கு வரி கிடையாது, சர்க்கரைக்கு 5 சதவீதம், சோடாவுக்கு 5 சதவீதம். மூன்றும் ஒரு பாட்டிலுக்குள் சந்தித்தால் 40! அந்த 40 சதவீத வரிசையில் இஞ்சி சோடாவுக்குத் துணையாக உட்கார்ந்திருப்பது யார் தெரியுமா? பான் மசாலா.

சர்க்கரை பானம் உடம்புக்குக் கெடுதல், ஆகவே வரி என்று சொல்வார்கள். அந்த வாதத்தை நாம் ஒரேயடியாகத் தள்ளவில்லை. நமக்கே சர்க்கரை நோய் உண்டு. ஆனால் சர்க்கரைக்குத்தான் வரி என்றால் சர்க்கரை போடாமல் இஞ்சி மணம் மட்டும் சேர்த்தாலும் ஏன் 40? மைசூர்பாவில் இல்லாத சர்க்கரையா இஞ்சி சோடாவில் இருக்கிறது?

சிறிய சோடா கம்பெனிக்கு வரியே கிடையாதே, ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள் இருந்தால் பதிவே வேண்டாமே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். உண்மை. அதில்தான் சூட்சுமம் இருக்கிறது. வருடத்துக்கு 300 நாள் ஓட்டினால், 40 லட்சம் என்பது நாளொன்றுக்குச் சுமார் 13,300 ரூபாய். பாட்டில் 10 ரூபாய் என்றால் 1,330 பாட்டில். அதைத் தாண்டினால் ஒரே நாளில் 40 சதவீதம் தலையில் இறங்கும். மற்றத் தொழில் செய்பவருக்கு இந்த இடத்தில் இணக்க வரித் திட்டம் கை கொடுக்கும். ஒன்றரைக் கோடி வரை உற்பத்தியாளர் விற்பனையில் 1 சதவீதம் கட்டிவிட்டுப் போகலாம். சோடா கம்பெனிக்கு அந்தக் கதவும் 2019 அக்டோபர் 1 முதல் சாத்தப்பட்டுவிட்டது. ஐஸ்கிரீம், பான் மசாலா, புகையிலை இவற்றோடு சேர்த்து வாயு பானத்தையும் அந்தத் திட்டத்திலிருந்து வெளியேற்றிவிட்டார்கள்.

திருக்கழுக்குன்றம் பக்கத்துச் சோடாக்காரரை நாமே நேரில் போய்க் கேட்டோம். அவருடைய அப்பா கையால் சுற்றும் மெஷினில் அடைத்தவர். இவர் மின்சார மெஷின் போட்டிருக்கிறார். பெண்பிள்ளைகள் நான்கு பேர் பாட்டில் கழுவுகிறார்கள். "மாமல்லபுரத்துல கேக்குறாங்க, கோவளத்துல கேக்குறாங்க, கேளம்பாக்கத்துல ஹோட்டல்காரங்க கேக்குறாங்க. ஏன் இன்னொரு மெஷின் போடல?" என்று கேட்டோம். "அண்ணாச்சி, போட்டா வளருவேன். வளந்தா செத்துடுவேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஆயிரக்கணக்கான கோடியில் புரளும் பன்னாட்டுக் கம்பெனிக்கும் 40 சதவீதம், இவருக்கும் 40 சதவீதம். அவர்கள் விளம்பரத்திலும் வண்டி வாடகையிலும் அதைச் சரிக்கட்டிக்கொள்வார்கள். இவர் எதில் சரிக்கட்டுவது? இஞ்சியைக் குறைத்து எசன்ஸ் ஊற்றியா?

சங்கங்கள் ஜி.எஸ்.டி. கவுன்சிலுக்கு அனுப்பும் மனுக்களில் மளிகை, அரிசி, பருப்பு என்று எல்லாம் இருக்கிறது. சோடாவுக்கு ஒரு வரி இருக்கிறதா? விகிதத்தைக் குறைக்கச் சொன்னால் பெரிய கம்பெனிக்கும் லாபம் என்று மறுப்பார்கள். எனவே நாம் கேட்க வேண்டியது வேறு: 2019 அக்டோபருக்கு முன்பு இருந்ததுபோல ஒன்றரைக் கோடிக்கு உட்பட்ட சோடா உற்பத்தியாளரை இணக்க வரித் திட்டத்தில் திரும்பச் சேர்க்க வேண்டும். இதனால் பெரிய கம்பெனிக்கு ஒரு பைசா லாபமில்லை. அரசுக்கு நஷ்டமும் பெரிதாக இல்லை. இன்றைக்கு வளர பயந்து 40 லட்சத்துக்குக் கீழேயே நிற்பவரிடமிருந்து அரசுக்கு வருவது பூஜ்யம்தானே.

அரசாங்கத்தை மட்டும் சொல்லிவிட்டு நம்மை விட்டுவிடக் கூடாது. 2017-ஐ நினைத்துப் பாருங்கள். ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டம். அந்தச் சூட்டில் வணிகர் சங்கப் பேரமைப்பும், மறைந்த வெள்ளையன் அவர்கள் தலைமையில் இருந்த பேரவையும், மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று அறிவித்தன. தாமிரபரணித் தண்ணீரை அந்த ஆலைகளுக்குக் கொடுக்கலாமா என்ற வழக்கு மதுரைக் கிளையில் நடந்துகொண்டிருந்த நேரம் அது. மார்ச் 2-ம் தேதி, கொடுக்கலாம் என்று தீர்ப்பு வந்தது. அந்தக் கோடையில் பொவொண்டோவுக்கு வந்த கிராக்கி நம் தலைமுறை பார்க்காதது. 1916-ல் விருதுநகரில் பழனியப்ப நாடார் ஆரம்பித்த காளி மார்க்கின் சரக்கு அது. கேட்ட அளவுக்குச் சரக்கு வராமல் நாமே வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தோம். இஞ்சி சோடா, பன்னீர் சோடா எல்லாம் ஓடியது.

அடுத்த கோடைக்குள் நம் தெருவில் பழையபடி ஆகிவிட்டது. ஏன்? கொள்கை போய்விட்டது என்று மேடையில் பேசுவார்கள். நாம் பார்த்த காரணம் வேறு. பிரிட்ஜ். கடைக்காரரிடம் இருந்த ஒரே பிரிட்ஜ் பெரிய கம்பெனி கொடுத்தது. நெற்றியில் அவர்கள் பெயர். அதில் அடுத்தவர் பாட்டில் இருந்தால் வண்டியோடு வரும் பிரதிநிதி முகம் சுளிப்பார், பிரிட்ஜை எடுத்துக்கொண்டு போய்விடுவோம் என்பார். அதே பிரிட்ஜில்தான் கடைக்காரர் பாலும் தயிரும் வைத்திருக்கிறார். மே மாதத்தில் பிரிட்ஜ் போனால் கடையே போன மாதிரி. வெயிலில் நின்ற நாட்டு சோடாவை யார் குடிப்பார்கள்? 1977-ல் கோக் கம்பெனி நாட்டை விட்டுப் போனதையும் 1993-ல் திரும்பி வந்ததையும் பார்த்தவர்கள் நாம். வந்த வருடமே நம்மவர் சரக்கான தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட் மூன்றையும் வாங்கிப் போட்டார்கள். கோல்ட் ஸ்பாட் பிறகு கடையிலிருந்தே மறைந்தது. சரக்கின் ருசியில் அவர்கள் ஜெயிக்கவில்லை. கடைக்குள் இடத்தைப் பிடித்ததில் ஜெயித்தார்கள்.

ஆகவே நம் யோசனை சாதாரணமானது. பகிஷ்காரம் வேண்டாம். விற்பதை விற்றுக்கொள்ளுங்கள். ஆனால் சொந்தக் காசில் ஒரு சின்ன பிரிட்ஜ் வாங்கிப் போடுங்கள். செகண்ட் ஹேண்ட் போதும். அதில் ஒரு தட்டு, ஒரே ஒரு தட்டு, இஞ்சி சோடாவுக்கு. நாம் நம் வாடிக்கையாளர் மூன்று பேருக்கு இந்தக் கோடையில் பிரிட்ஜ் வாங்க முன்பணம் கொடுத்து, சரக்குக் கணக்கில் தவணையாகக் கழித்துக்கொண்டு வருகிறோம். ஒருவர் கணக்கை முடித்துவிட்டார். ஒருவர் இரண்டு தவணை பாக்கி. மூன்றாமவர் அந்த பிரிட்ஜில் பூ வைத்து விற்கிறார். இருக்கட்டும், அதுவும் வியாபாரம்தான்.

கடற்கரைப் பக்கத்துக் கடைக்காரர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டுப் பழக்கத்தைப் பார்த்து, சில தங்கும் விடுதிகளில் வீட்டிலேயே இஞ்சி, சர்க்கரை, ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்து, பாட்டிலில் அடைத்து, "ஜிஞ்சர் பீர், விற்றுக் கொடுங்கள்" என்று கடையில் கொண்டுவந்து வைக்கிறார்களாம். தொடவே தொடாதீர்கள். புளிக்கும் சரக்கு பாட்டிலுக்குள்ளும் புளித்துக்கொண்டே இருக்கும். வெயிலில் வைத்தால் வெடிக்கும். அது சின்ன ஆபத்து. சாராயச் சத்து 0.5 சதவீதத்தைத் தாண்டினால் உணவுப் பாதுகாப்பு விதிப்படி அது மதுபானம். இரண்டு நாள் கூடுதலாக இருந்தாலே தாண்டிவிடும். அப்புறம் மதுவிலக்குச் சட்டத்தில் மாட்டிக்கொண்டு நிற்பது விடுதிக்காரர் அல்ல, நாம். திருவிழாவுக்கு வெல்லமும் சுக்கும் ஏலக்காயும் எலுமிச்சையும் போட்டுப் பானகம் கரைக்கிறோமே, அதை அன்றைக்கே ஊற்றித் தீர்ப்பதும் இதனால்தான். சோடாக்காரர் செய்வது வேறு முறை. இஞ்சிச் சாற்றைப் பாகோடு காய்ச்சி, ஆறவைத்து, தண்ணீர் கலந்து, சிலிண்டர் வாயுவை ஏற்றுகிறார். புளிப்பதற்கு அங்கே இடமில்லை.

சோடாக்காரரிடம் வாங்கினாலும் பில் போட்டு வாங்குங்கள். ஜிஞ்சர் பீரில்தான் உலகம் முழுக்க வக்கீல்கள் படிக்கும் ஒரு வழக்கு பிறந்தது. ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற ஊர், 1928 ஆகஸ்ட். டோனஹ்யூ என்ற அம்மாளுக்கு அவருடைய தோழி ஒரு கடையில் ஜிஞ்சர் பீர் வாங்கிக் கொடுத்தார். பாட்டில் கண்ணாடி பழுப்பு நிறம், உள்ளே இருப்பது தெரியாது. பாதி குடித்த பிறகு மீதியை ஊற்றினால் அழுகிய நத்தை விழுந்ததாம். கடைக்காரர் மேல் வழக்குப் போட முடியவில்லை, ஏனென்றால் காசு கொடுத்தது தோழி. ஆகவே தயாரித்த ஸ்டீவன்சன் மேல் போட்டார். 1932-ல் லண்டன் பிரபுக்கள் சபை, மூன்று நீதிபதிகள் ஒரு பக்கமும் இரண்டு பேர் மறுபக்கமுமாக, வாங்கியவர் யாராக இருந்தாலும் குடிப்பவருக்குத் தயாரிப்பாளர் பொறுப்பு என்று தீர்த்தது. அங்கே கடைக்காரர் தப்பித்தார். நம் 2006-ம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அவ்வளவு சுலபமாகத் தப்ப முடியாது. 27-வது பிரிவில் தயாரிப்பாளர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடைக்காரர் மூவருக்கும் தனித்தனியே பொறுப்பு எழுதியிருக்கிறது. தேதி முடிந்த சரக்கை விற்றால் நாம் பொறுப்பு. சுத்தமில்லாமல் வைத்திருந்தால் நாம் பொறுப்பு. யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாவிட்டாலும் நாமே பொறுப்பு. 26-வது பிரிவு, பில்லையே தயாரிப்பாளர் தரும் உத்தரவாதமாக ஏற்றுக்கொள்கிறது. "நம்ம ஊர்க்காரர்தானே, பில் எதற்கு" என்று துண்டுச் சீட்டில் வாங்கினால், பாட்டிலில் பல்லி இருந்த அன்றைக்கு அந்த ஊர்க்காரர் யாரோ, நாம் யாரோ. நமக்கு ஒருமுறை அப்படி நேர்ந்திருக்கிறது, சோடாவில் அல்ல, வேறு சரக்கில். அபராதத்தை நாம்தான் கட்டினோம்.

பாட்டில் தெளிவான கண்ணாடியாக இருக்கட்டும். லேபிளில் தயாரிப்பாளர் முகவரி, உணவுப் பாதுகாப்பு எண், பேட்ச் எண், தேதி, விலை எல்லாம் இருக்க வேண்டும். திரும்பும் கோலிப் பாட்டிலில் லேபிள் ஒட்டுவது சிரமம் என்று சோடாக்காரர்கள் சொல்வார்கள். நம் சோடாக்காரரும் சொன்னார். ஒட்டினால்தான் எடுப்போம் என்றோம். ஒட்டிவிட்டார்.

ருசியைப் பற்றியும் அவரிடம் ஒரு சண்டை போட்டோம். 2023-ல் இஞ்சி விலை கிலோ 200 ரூபாயைத் தாண்டியபோது அவர் எசன்ஸுக்கு மாறியவர், விலை இறங்கிய பிறகும் திரும்பவில்லை. நாக்கில் காரம் இருக்கிறது, தொண்டையில் ஒன்றும் இல்லை. பெங்களூரில் குடித்த அந்த இரண்டு வாய் இல்லாவிட்டால் நமக்கே இது தெரிந்திருக்காது. "பச்சை இஞ்சி கட்டாவிட்டால் சுக்கு போடுங்கள். ஐந்து கிலோ பச்சை இஞ்சி காய்ந்தால்தான் ஒரு கிலோ சுக்கு. காயும்போது காரம் கூடுகிறது. கொஞ்சம் போட்டாலும் பேசும்" என்று சொல்லி, நம் மண்டியிலிருந்தே ஐந்து கிலோ சுக்கு அடக்க விலைக்கு அனுப்பினோம். பச்சை இஞ்சிச் சாறு பாதி, சுக்குக் கஷாயம் பாதி என்று மூன்று விதமாகக் கலந்து கொண்டுவந்தார். கடைப் பையன்கள், லோடுமேன்கள், எதிர்க்கடை இரும்பு வியாபாரி எல்லோரும் குடித்துப் பார்த்து இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். நமக்கு மூன்றாவதுதான் பிடித்தது. ஓட்டில் தோற்றோம்.

மாமல்லபுரத்துக்கு 2021-22-ல் வந்த வெளிநாட்டுப் பயணிகள் 1.44 லட்சத்துக்கு மேல். அந்த ஆண்டு தாஜ்மகாலையே தாண்டிவிட்டது என்று மத்திய சுற்றுலாத் துறையே கணக்குக் கொடுத்தது. உள்ளூர்க் கூட்டம் தனி. அவர்கள் கடற்கரைக் கோயிலைப் பார்த்துவிட்டு வேர்த்து விறுவிறுத்து நம் கடைக்குத்தான் வருகிறார்கள். இனி யாராவது "ஜிஞ்சர் பீர்" என்று கேட்டால் டாஸ்மாக்குக்கு வழி காட்டாதீர்கள். கோலியைத் தட்டிக் கொடுங்கள்.

வருகிற சங்கக் கூட்டத்துக்கு அந்த இரண்டாவது வகையில் இரண்டு பெட்டி கொண்டுவருகிறோம். இணக்க வரித் திட்டத்தைப் பற்றிய மனுவும் அன்றைக்கே கையெழுத்துக்கு வைக்கப்படும். சோடாவுக்குக் காசு வேண்டாம். காலி பாட்டிலை மட்டும் கணக்காகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு பாட்டில் குறைந்தாலும் சோடாக்காரர் நம் கணக்கில்தான் எழுதுவார்.